செப்படி வித்தையும் கல்லாப்பெட்டியும்



“நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை.” கல்லாவில் பணம் குறைந்த வியாபாரிகள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை இது. நம் ஊரில் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த பிறகு யாராவது ஒரு கடைக்காரர் இதைச் சொல்லக் கேட்கிறோம். தெருவில் வித்தை பார்த்துவிட்டு எழுந்து வருகிறவரும் இதே வார்த்தையைத்தான் சொல்வார். பந்து கண்ணெதிரே இருந்தது, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், எங்கே போயிற்று என்று தெரியவில்லை என்பார்.

இருவரும் ஒன்றையே சொல்வது தற்செயல் அல்ல. இரண்டு இடத்திலும் நடக்கும் காரியம் ஒன்றுதான். ஆகவே, வித்தைக்காரர் தம் கையில் உள்ள பொருளை நம் கண்ணெதிரிலேயே எப்படி மறைக்கிறார் என்று ஒரு வியாபாரி தெரிந்துகொள்வது வீண்வேலை ஆகாது. பெரிய பெட்டிகளும் வண்ண விளக்குகளும் வைத்துக்கொண்டு மேடையில் செய்யும் வித்தை வேறு. இங்கே நான் சொல்ல வருவது, மூன்றடி தூரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்கு முன்னால் செய்யும் கைவித்தையைப் பற்றி. நமக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே இருக்கும் கடை மேசையும் ஏறக்குறைய அதே மூன்றடிதான்.

செப்பு என்ற சொல்

செப்பு என்றால் சிமிழ், சிறு கிண்ணம். பெண் குழந்தைகள் வைத்து விளையாடும் மரச் செப்புச் சாமான் நம் எல்லோருக்கும் தெரியும். சிறு கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்து, அவற்றின் அடியில் பந்தை வரவழைத்தும் மறைத்தும் காட்டுவதால் இந்த வித்தைக்குச் செப்பிடு வித்தை என்று பெயர். பேச்சு வழக்கில் அது செப்படி வித்தை ஆயிற்று. மலையாளத்தில் இதைச் ‘செப்பும் பந்தும்’ என்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கில் இப்படிப்பட்ட வித்தைகளைப் பொதுவாகக் காரடி என்றும் கனிகட்டு என்றும் சொல்வார்கள். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேரும் வரை திருத்தணி ஆந்திரத்தில் இருந்த ஊர். அதனால் நம் கடைத்தெருவில் இரண்டு மொழிச் சொல்லும் செல்லும்.

இது மிகப் பழைய வித்தை. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த செனகா என்ற அறிஞர், கிண்ணமும் கூழாங்கல்லும் வைத்துச் செய்யும் வித்தையைப் பற்றி நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் குறிப்பிடுகிறார். அங்கே ஏமாறுவதால் நட்டம் இல்லை, ஏமாறுவதுதான் மகிழ்ச்சி என்பது அவர் கருத்து. நம் நாட்டிலிருந்து 1810களில் லண்டன் போய் வித்தை காட்டிப் பெயர் வாங்கியவர் ராமோ சாமி. நம் ராமசாமிதான் ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆனார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1850இல் லண்டனிலேயே காலமானார். நம் காலத்துக்கு அருகில் என்றால், கேரளத்தில் வாழக்குன்னம் நம்பூதிரி (1903–1983) கைத்திறனையே மூலதனமாகக் கொண்டு செப்பும் பந்தும் ஆடுவதில் பெரும் புகழ் பெற்றார்.

நாலாவது பந்து

வித்தைக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். மூன்று செப்பு, மூன்று துணிப்பந்து என்று எண்ணிக் காட்டுவார். உண்மையில் பந்து நான்கு. நாலாவது பந்து அவர் விரல் மடிப்பில் இருக்கிறது. வித்தை முழுவதும் அந்த ஒரு பந்தின் மேல்தான் நிற்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒரு பந்தை இடது கைக்குள் வைத்து மூடுவதாகக் காட்டுகிறார். உண்மையில் பந்து வலது கையை விட்டுப் போகவே இல்லை. நாம் மூடிய இடது கையைப் பார்க்கிறோம். ஆனால், முதல் செப்பின் அடியில் நாலாவது பந்து எப்போதோ போய் உட்கார்ந்துவிட்டது. ‘செப்பு காலி’ என்று தூக்கிக் காட்டிக் கீழே வைத்தபோதே அதை உள்ளே விட்டுவிட்டார். இப்போது ஊதி, கையை விரித்து, செப்பைத் தூக்கினால் பந்து அங்கே இருக்கிறது. இடது கையிலிருந்து பறந்து போனதாக நாம் வியக்கிறோம். அதற்குள் அவர் வலது கையில் மீந்த பந்து அடுத்த செப்புக்குத் தயாராகிவிடும். வித்தை இனிமேல்தான் தொடங்கப் போகிறது என்று நாம் நினைக்கும்போது, அவர் வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார். எப்போதும் நம்மைவிட ஒரு பந்து முன்னால் இருப்பார்.

இது யாருடைய தொழில் ரகசியத்தையும் உடைப்பது ஆகாது. இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் என்பவர் 1584லேயே பந்து மறைக்கும் முறையை அச்சில் விளக்கிவிட்டார். சூனியக்காரர் என்று சொல்லி அப்பாவிகளைத் தண்டித்துவந்த காலம் அது. இதெல்லாம் வெறும் கைத்திறன்தான் என்று மக்களுக்குக் காட்டவே அவர் எழுதினார். பிரான்சன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1922இல் வெளியிட்ட நூலில் நம் நாட்டுத் தெருவித்தைகளை விவரமாக எழுதியிருக்கிறார்.

ரகசியம் அச்சில் வந்து இத்தனை காலம் ஆகியும் வித்தை பழசாகவில்லை. அமெரிக்காவில் பென், டெல்லர் என்ற இருவர் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் குவளைகளை வைத்தே இந்த வித்தையைச் செய்து காட்டினார்கள். பந்து உள்ளே போவது தெரிய வேண்டும். ஆனாலும் பார்ப்பவரின் கண் தவறவிடுகிறது. ஆகவே, பந்தை மறைப்பது செப்பு மட்டும் அல்ல என்று தெரிகிறது. வேறு எது மறைக்கிறது?

மூடிய கைக்கு ஒரு காரணம்

கையில் பொருளை ஒளித்தவருடைய முதல் கஷ்டம், அந்தக் கை மூடியிருப்பதுதான். சும்மா மூடியிருக்கும் கையைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூட “கையைத் திற” என்று கேட்கும். அதற்காகத்தான் வித்தைக்காரர் அந்தக் கையில் ஒரு மந்திரக்கோலையோ உடுக்கையையோ பிடித்துக்கொள்கிறார். கோல் பிடித்த கை மூடித்தானே இருக்கும்? யாரும் கேட்க மாட்டார்கள். கோலுக்கு அதைத் தவிர வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

அதேபோல, வேண்டாத பந்தை அப்புறப்படுத்தவும் ஒரு காரணம் வேண்டும். ‘கொஞ்சம் மந்திரப் பொடி போட வேண்டும்’ என்று பைக்குள் கை விடுவார். பொடி எடுப்பதாக நாம் நினைக்கிறோம். அவர் பந்தைப் பைக்குள் போட்டுவிட்டு, வெறும் விரலைத் தேய்த்துத் தூவுகிறார். நம் நாட்டுச் செப்புகளின் தலையில் ஒரு சிறு குமிழ் உண்டு. அந்தக் குமிழை இரண்டு விரல் இடுக்கில் பிடித்துத் தூக்கினால் மற்ற விரல்கள் இயல்பாகவே செப்பின் வாய்க்கு அருகில் வரும். பந்து உள்ளே போகவும் வெளியே வரவும் அந்தப் பிடியே வழி செய்கிறது. அழகுக்கு வைத்த குமிழ் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு நியாயமான காரணம் கொடுத்துவிட்டால் யாரும் அந்த அசைவைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

கண்ணை வேறு இடத்துக்கு அனுப்புவது

‘கை வேகம்’ என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். நல்ல வித்தைக்காரரின் கை பெரும்பாலும் நிதானமாகத்தான் நகரும். வேகமாக அசைகிற எதையும் கண் விடாமல் துரத்தும். ஆகவே மறைக்க வேண்டிய நேரத்தில் வேகம் காட்டினால் அவரே தம்மைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். கையை வேகப்படுத்துவதற்குப் பதிலாக நம் கண்ணை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறார். அதற்குச் சில வழிகள் உண்டு.

முதலாவது, அவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே நாமும் பார்ப்போம். கடைத்தெருவில் நாலு பேர் மேலே பார்த்து நின்றால் ஐந்தாவது ஆளும் அண்ணாந்து பார்ப்பது மனித இயல்பு. காலியான கையை அவர் ஆசையோடு பார்த்தால் நாமும் அதையே பார்ப்போம்.

இரண்டாவது, பெரிய அசைவு சிறிய அசைவை மூடும். செப்பைத் தூக்கி எதிரே நீட்டுவது பெரிய அசைவு. விரல் மடங்குவது சிறிய அசைவு. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் பெரியது மட்டும் நம் கணக்கில் ஏறும்.

மூன்றாவது, கேள்வி. “ஐயா, உங்களுக்குச் சொந்த ஊர் எது?” என்று அவர் கேட்டால் நம் கண் அவர் முகத்துக்குப் போகும், மனம் நம் ஊருக்குப் போகும். இரண்டும் கையை விட்டுப் போய்விட்டன.

நான்காவது, முடிந்தது என்ற நினைப்பு. பந்து கிடைத்ததும் எல்லோரும் கைதட்டிச் சிரிப்பார்கள். காவல் தளரும் நேரம் அதுதான். அடுத்த செப்பின் அடியில் எலுமிச்சம்பழத்தை ஏற்றுவது அந்தச் சிரிப்பின் நடுவில்தான். நியூயார்க்கில் பேர் பெற்ற கைவித்தைக்காரர் ஸ்லைடினி (1900–1991) இதற்குத் தம் உடம்பையே பயன்படுத்தினார். உடம்பை முன்னே சாய்த்தால் பார்ப்பவர் கவனம் இறுகும். பின்னே தளர்ந்து உட்கார்ந்தால் அவர்களும் தளர்வார்கள். மறைக்க வேண்டியதை அந்தத் தளர்ந்த நேரத்தில் மறைத்துவிடுவார்.

நம் ஊர்ச் சந்தைகளில் அந்தக் காலத்து மோடி மஸ்தான் இதை இன்னும் நீட்டினார். பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடுகிறேன் என்று கூடையைக் காட்டிக்கொண்டே இருப்பார். சனங்களின் கண் கூடையிலேயே இருக்கும். சண்டை கடைசி வரை நடக்காது. அதற்குள் தாயத்து விற்று முடிந்திருக்கும்.

தைரியமே திரை

மேலே சொன்ன எல்லாம் தெரிந்துகொண்டு ஒருவர் வீட்டில் செய்து பார்த்தால் முதல் நாளே பிடிபடுவார். காரணம், பந்து ஒளித்த கையை அவரே அடிக்கடி பார்த்துக்கொள்வார். விரல் விறைக்கும். குரல் மாறும். ‘மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்’ என்பது பழமொழி. மடியில் கனத்தை வைத்துக்கொண்டே பயமில்லாமல் நடக்கக் கற்பதுதான் வித்தைக்காரரின் உண்மையான பயிற்சி.

அந்தத் தைரியம் எப்படி வருகிறது? வாய் வீரத்தால் வருவதில்லை, பழக்கத்தால் வருகிறது. முதலில் பந்தை உண்மையாகவே வலது கையிலிருந்து இடது கைக்கு நூறு முறை மாற்றிப் பார்ப்பார். கை எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது, கண் எங்கே இருக்கிறது என்று மனத்தில் வாங்கிக்கொள்வார். பிறகு பந்தைக் கொடுக்காமல் அதே அசைவைச் செய்வார். உண்மைக்கும் பொய்க்கும் வித்தியாசம் தெரியாத வரை விடமாட்டார். காலியான இடது கையில் பந்து இருப்பதாக அவரே நம்புவதுபோல் அதைப் பிடித்திருப்பார். பந்து உள்ள வலது கையை மறந்தேவிடுவார்.

மளிகைக்காரருக்கு இது புதிதல்ல. பழைய கடைக்காரர் பொட்டலம் மடிப்பதை நினைத்துப் பாருங்கள். வாய் வாடிக்கையாளரோடு குடும்ப நலம் பேசும். கை தாளைச் சுருட்டி, பருப்பைக் கொட்டி, மடித்து, நூல் சுற்றி அறுத்துவிடும். கண் அந்தப் பக்கமே போகாது. அந்தக் கையை யாரும் சந்தேகத்தோடு பார்ப்பதில்லை. வித்தைக்காரர் தேடுவதும் அந்தப் பழகிய கையைத்தான்.

சோதனை செய்து பார்த்தவர்கள்

2006இல் இங்கிலாந்தைச் சேர்ந்த கூன், லேண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கூன் தாமும் வித்தை தெரிந்தவர். ஒரு பந்தை இரண்டு முறை உண்மையாகவே மேலே போட்டுப் பிடிப்பது, மூன்றாம் முறை போடுவதுபோல் கையை அசைத்துப் பந்தைக் கைக்குள்ளேயே மறைப்பது. இவ்வளவுதான் வித்தை. மூன்றாம் முறை அவர் மேலே பார்த்தபோது, நூற்றுக்கு 68 பேர் பந்து மேலே போனதைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர் தம் கையைப் பார்த்தபோது 32 பேர் மட்டுமே அப்படிச் சொன்னார்கள். கை செய்தது ஒன்றுதான். கண் போன இடம் மட்டும் வேறு. பார்வையாளர்களின் கண்ணோட்டத்தைக் கருவி வைத்துப் பதிவு செய்ததில், பலர் பந்தை விட்டுவிட்டு வித்தைக்காரர் முகத்தை அடிக்கடி பார்த்தது தெரிந்தது.

நம் தொழிலுக்கு இன்னும் நெருக்கமான சோதனை ஒன்று 1998இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒருவர் வழிப்போக்கரிடம் வழி கேட்கிறார். பேச்சின் நடுவே இரண்டு பேர் ஒரு பெரிய கதவைத் தூக்கிக்கொண்டு இருவருக்கும் இடையில் நுழைந்து போகிறார்கள். அந்த மறைவில், வழி கேட்ட ஆள் போய் வேறு ஆள் வந்து நிற்கிறார். ஏறக்குறைய பாதிப் பேர் ஆள் மாறியதையே கவனிக்காமல் வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதிரே நிற்கும் ஆளே மாறுவது தெரியாதபோது, மேசை மேல் ஒரு நோட்டு மாறுவது எங்கே தெரியப் போகிறது? ஆகவே, ‘நான் உஷாராகப் பார்ப்பேன், என்னிடம் நடக்காது’ என்று எந்த வியாபாரியும் நம்பியிருக்க வேண்டாம்.

கடை மேசையில் நடக்கும் வித்தை

தெருவித்தைக்காரர் ‘உங்களை ஏமாற்றப் போகிறேன்’ என்று சொல்லித்தான் உட்காருகிறார். கடைக்கு வரும் கள்ளன் அதைச் சொல்வதில்லை. மற்றபடி முறை ஒன்றுதான்.

சில்லறை மாற்றும் வித்தையைப் பாருங்கள். ஒருவன் 20 ரூபாய்ச் சாமான் வாங்கி 500 ரூபாய்த் தாள் கொடுக்கிறான். நாம் 480 ரூபாய் மீதி தருகிறோம். “அண்ணே, 20 ரூபாய் சில்லறையாகவே இருக்கிறது. இந்தாங்க உங்கள் 480, இந்தாங்க 20. என் 500ஐக் கொடுத்துடுங்க” என்கிறான். கணக்குச் சரி, 500ஐக் கொடுக்கிறோம். அவன் வைத்த சில்லறைக் குவியல் இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. அதை எண்ணி உள்ளே போடுமுன் அந்த 500ஐயும் அதன் மேல் வைத்து, “இப்போது மொத்தம் ஆயிரம் ஆச்சு. அஞ்சு 200 ரூபாய்த் தாளாகக் கொடுத்துடுங்க” என்கிறான். எண்ணிப் பார்த்தால் ஆயிரம் இருக்கிறது. கொடுத்துவிடுகிறோம். ஆனால், அதில் சில்லறைக் குவியலாக இருந்த 500 ஏற்கெனவே நம்முடையது. அவனுக்கு 500 லாபம். ஒவ்வொரு படியும் சரியாக இருந்து மொத்தம் தவறாகிப் போனது. அந்தக் குவியல்தான் இங்கே நாலாவது பந்து. யாருடையது என்பது மட்டும் மறைந்துவிட்டது.

மொத்த வியாபாரத்தில் கட்டுப் பணம் வரும்போது, ஒரு தாளை இரண்டாக மடித்து நடுவில் செருகி, ஓரத்தை எண்ணும்போது இரண்டாக எண்ண வைப்பது இன்னொன்று. எண்ணும் நேரம் பார்த்து, “போன வாரம் துவரம்பருப்பு என்ன விலை போட்டீங்க?” என்று கேட்பது அந்த மூன்றாவது வழி. வங்கி வாசலில் பத்து ரூபாய்த் தாள்களைக் கீழே போட்டு, “உங்கள் பணம் விழுந்துவிட்டது” என்று குனிய வைத்துப் பையை எடுப்பதும், சட்டையில் அசிங்கம் பட்டிருக்கிறது என்று சொல்லித் திரும்ப வைப்பதும் செய்தித்தாளில் நாம் பலமுறை படித்தவை.

செல்போனில் பணம் அனுப்பும் இந்தக் காலத்திலும் வித்தை மாறவில்லை. பணம் போய்விட்டதாகப் பச்சைக் குறி போட்ட திரையை அரை நொடி நீட்டிக் காட்டி, அடுத்த நொடியே பிள்ளையை அதட்டிக்கொண்டு நடந்துவிடுவான். போலித் திரையாக இருந்தாலும் அவன் நடையில் சந்தேகம் வராது. நம் கடையில் ஒட்டியிருக்கும் கட்டங்கட்டமான குறியீட்டின் மேல் வேறொருவரின் குறியீட்டை ஒட்டிவிட்டுப் போவதும் உண்டு. அட்டை நம்முடையது, கடை நம்முடையது. பணம் போகும் கணக்கு மட்டும் வேறு.

என்ன செய்யலாம்?

தெருவித்தைக்காரர் அதிகமாக அஞ்சுவது கூர்மையாகப் பார்ப்பவரை அல்ல. அப்படிப்பட்டவரை அவர் தாம் விரும்பிய இடத்தில் பார்க்க வைத்துவிடுவார். வரிசையைக் குலைப்பவரைக் கண்டால்தான் அவருக்குச் சங்கடம். “நில்லுங்கள், முதலில் அந்தச் செப்பைத் தூக்குங்கள்” என்று ஒருவர் சொன்னால் வித்தை அங்கேயே நின்றுவிடும். ஆகவே, வியாபாரிக்குக் காவல் கண் அல்ல, ஒழுங்கான வரிசை. என் அனுபவத்தில் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன்.

1. ஒரு கணக்கு முடிந்து பணம் கல்லாவுக்குள் போன பிறகுதான் அடுத்த கணக்கு. சில்லறை மாற்றுவது தனிக் கணக்கு. நடுவில் எதைக் கேட்டாலும், “இதை முடிச்சிடறேன்” என்று சொல்லிவிடலாம்.

2. வாங்கிய பெரிய தாளை உடனே கல்லாவில் போட வேண்டாம். மேசையில் நம் பக்கம் ஒரு கனத்தின் அடியில் வைத்து, “ஐந்நூறு வாங்கியிருக்கேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தெலுங்குக்காரர் என்றால் “ஐது வந்தலு” என்று சொல்லுங்கள். மீதியை அவர் எண்ணி வாங்கிக்கொண்டபின் தாள் உள்ளே போகட்டும். வாயால் சொன்ன கணக்கை மாற்றுவது கடினம்.

3. பணம் எண்ணும்போது கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் முதலிலிருந்து எண்ணுங்கள். கட்டை ஓரத்தில் மட்டும் எண்ணாமல் விரித்து எண்ணுங்கள்.

4. இரண்டு மூன்று பேர் சேர்ந்து வந்து ஒருவர் மட்டும் ஓயாமல் பேசினால், கடைப் பையன் பேசாதவரின் அருகில் நிற்கட்டும்.

5. செல்போன் பணத்துக்கு அவர் திரையைப் பார்க்க வேண்டாம். நம் ஒலிப்பெட்டி சொல்ல வேண்டும், அல்லது நம் போனில் நம் கணக்கு காட்ட வேண்டும். காலையில் கடை திறந்ததும் நம் குறியீட்டு அட்டையைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தால் இன்னும் நல்லது. மோசம் நடந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

6. அவசரப்படுத்துகிறவரிடம் இன்னும் நிதானமாக இருங்கள். ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நேர்மையான வாடிக்கையாளர் பத்து விநாடி காத்திருப்பதில் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்த வரிசையைக் கூட்டமில்லாத நாளிலும் கடைப்பிடிக்க வேண்டும். கிருத்திகை அன்று காவடிகள் வந்துகொண்டே இருக்கும். டிசம்பர் 31 இரவு படித்திருவிழாவுக்கு 365 படிகளிலும் சனம் நிற்கும். அன்றைக்குப் புதிதாக ஒரு பழக்கத்தைத் தொடங்க முடியாது. வித்தைக்காரர் நூறு முறை பழகியதுபோல நாமும் சாதாரண நாளில் பழகியிருந்தால், கூட்ட நாளில் கை தானாக அதைச் செய்யும்.

முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

இதைப் படித்தபின் வருகிறவர் போகிறவரை எல்லாம் சந்தேகப்படத் தொடங்கிவிட்டால், நான் எழுதியது வீண்.

நாம் வழக்கமாக யாரைச் சந்தேகப்படுகிறோம்? அழுக்குத் துணி கட்டி, தயங்கி நின்று, கையைப் பிசைந்துகொண்டு கேட்கிறவரை. மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். மறைக்கத் தெரிந்தவனுக்கு முதல் பாடமே தயங்காமல் இருப்பதுதான். அவன் சலவைச் சட்டையோடு வந்து, சிரித்துப் பேசி, நம் பெயரைச் சொல்லி விசாரிப்பான். தயங்குகிறவர் மலைக்கு நடந்து வந்த களைப்பில் இருக்கலாம். கையில் காசு போதுமா என்ற கவலையில் இருக்கலாம். மொழி தெரியாமல் இருக்கலாம். வெள்ளைக்காரர் ஆட்சி 1871இல் ஒரு சட்டம் போட்டு, ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் பல சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. நாடு முழுவதும் அது 1952இல் நீங்கியது. ஆனால், அந்த முத்திரை நம் மனத்திலிருந்து இன்னும் முழுதாக நீங்கியதாகச் சொல்ல முடியாது.

ஒழுங்கான வரிசைக்கு இதில் ஒரு நன்மை உண்டு. எல்லோரிடமும் ஒரே முறையில் எண்ணி, ஒரே முறையில் சொல்லி வாங்கினால் யாரையும் முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை. நல்லவர் மனமும் புண்படாது, கள்ளனுக்கும் வழி கிடைக்காது. சந்தேகம் வந்தாலும் கூட்டத்தைக் கூட்டிக் கை வைக்க வேண்டாம். பணம் போனால் சம்பாதிக்கலாம். தவறான ஆளை அடித்துவிட்டால் அந்தப் பழியை எந்தக் கணக்கிலும் நேர் செய்ய முடியாது. காவல் நிலையம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது.

நம் கையும் திறந்திருக்கட்டும்

கடைசியாக ஒன்று. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வித்தைக்காரர் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் நாம்தான். நம் கையும் பழகிய கை. தராசை நிறுத்தும்போது நாம் பேச்சுக் கொடுத்தால் வாடிக்கையாளரின் கண் நம் முகத்துக்கு வரும். அந்த நேரத்தில் தட்டின் மேல் நம் விரல் பட்டிருந்தால், நாமும் செப்படி வித்தைதான் செய்கிறோம். அதை அவர் அன்றைக்குக் கண்டுபிடிக்க மாட்டார். வீட்டில் வேறு தராசு ஒரு நாள் சொல்லிவிடும்.

வித்தைக்காரர் கையை மூடுவதற்குக் காரணம் தேடுகிறார். நாம் கையைத் திறந்து வைப்பதற்கு வழி தேட வேண்டும். தராசின் எண் வாடிக்கையாளர் பக்கம் தெரியட்டும். முத்திரை காலாவதி ஆகாமல் இருக்கட்டும். நிறுத்தும்போது பேச்சை நிறுத்தி, “பார்த்துக்கோங்க, ஒரு கிலோ” என்று சொல்லி அவர் கண்ணைத் தராசுக்கு அனுப்புங்கள். வித்தைக்காரர் கண்ணை விலக்கப் பயன்படுத்தும் அதே வழியால் நாம் கண்ணை வரவழைக்கலாம். அப்படி வரவழைத்த கடைக்கு வாடிக்கையாளர் மறுபடியும் வருவார், தம் பிள்ளையைத் தனியாகவும் அனுப்புவார்.

எங்காவது சந்தையில் செப்பும் பந்துமாக ஒரு வித்தைக்காரர் உட்கார்ந்திருந்தால் நின்று பாருங்கள். நாலாவது பந்து எங்கே என்று தேடுங்கள். கண்டுபிடித்தாலும் கண்டுபிடிக்காவிட்டாலும் அவர் விரித்த துணியில் ஒரு பத்து ரூபாய் போடுங்கள். ஏமாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏமாற்றும் தொழில் அது ஒன்றுதான். நமக்கு அவர் இலவசமாகப் பாடமும் சொல்லித் தருகிறார்.